வம்சம் ஓர் அமானிதம்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

எனக்குத் தரப்பட்ட தலைப்பு "குடும்பமும் புதிய சட்டங்களும்". உயில், மத்திய சேமநிதி, வீவக வீடு இவற்றைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நம் கூட்டங்களில் யாரும் வாய்திறக்காத ஒன்றைப் பேச அனுமதி கேட்கிறேன். விந்தணுக் கொடை, கருமுட்டைக் கொடை, அவற்றுக்கான சட்டங்கள், கொடுத்தவரின் பெயரை மறைக்கலாமா கூடாதா என்ற கேள்வி. தாய்மார்கள் இருக்கும் சபையில் இதைப் பேசலாமா என்று யோசித்தேன். தாய்மார்கள் இருக்கும் சபையில்தான் இதைப் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் ஆலிம் அல்ல, மருத்துவர் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் தளவாட நிர்வாகம் படித்துவிட்டு வாப்பாவின் மளிகை மொத்த வியாபாரத்தில் நிற்கிறவன். மார்க்கம் தொடர்பான பகுதிகளை ஓர் ஆலிமிடம் வாசித்துக் காட்டிய பிறகே இங்கு வந்திருக்கிறேன். மற்றவை ஒரு வியாபாரியின் கண்ணில் பட்டவை.

இது நமக்கு எதற்கு?

"இது ஹராம் என்று தெரியும், பிறகு எதற்கு இந்தப் பேச்சு?" என்று கேட்கலாம். காரணம் சொல்கிறேன்.

என் கடைக்கு வாடிக்கையாக அரிசி எடுக்க வரும் ஒரு காக்கா இருக்கிறார். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். குழந்தை இல்லை. செலவு குறைவு என்று வெளிநாட்டில் உள்ள ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போக ஏற்பாடு செய்தார். அவர்கள் அனுப்பிய சம்மதப் படிவம் பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். "தம்பி, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாருங்க" என்று என்னிடம் கொடுத்தார். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. தேவைப்பட்டால் பெயர் தெரியாத கொடையாளரின் கருமுட்டையைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறோம் என்று. பக்கத்தில் ஒரு சிறு கட்டம். அதில் சரி என்ற குறியை அவர்களே போட்டு அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் காக்காவும் அவர் மனைவியும் ஐந்து வேளை தொழுகையாளிகள். அப்படி ஒரு வரி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்த வரியை அடித்துவிட்டு, கணவன் மனைவி இருவருடையதை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். சிகிச்சை இதுவரை கைகூடவில்லை. இன்னும் துஆவோடு இருக்கிறார்கள். நீங்களும் அவர்களுக்காக துஆ செய்யுங்கள்.

ஹராம் என்று தெரிந்திருப்பது ஒன்று. அது எந்தப் பக்கத்தில், எந்த வரியில், எந்தச் சட்டத்தின் பெயரால் வருகிறது என்று தெரிந்திருப்பது வேறு. இந்தப் பேச்சு அதற்காக.

மார்க்கம் என்ன சொல்கிறது?

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தது. இரண்டே ஆண்டுகளில், 1980 மார்ச் 23ஆம் நாள், எகிப்தில் ஷெய்க் ஜாதுல் ஹக் அவர்கள் இதுபற்றி ஃபத்வா வெளியிட்டார்கள். 1986 அக்டோபரில் ஜோர்தான் தலைநகர் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி ஏழு வழிமுறைகளை எடுத்து ஆராய்ந்தது. மூன்றாம் நபர் ஒருவர் நுழைகிற ஐந்து வழிகளும் ஹராம் என்றது. கணவனின் விந்தணுவும் மனைவியின் கருமுட்டையும் சேர்ந்து அதே மனைவியின் கருப்பையில் வளரும் இரண்டு வழிகளும், தேவை ஏற்படும்போது, தக்க முன்னெச்சரிக்கையோடு கூடும் என்றது. நம் சுன்னத் ஜமாஅத் உலகத்தில் பரவலாக ஏற்கப்பட்ட நிலை இதுதான். ஈரானில் ஷியா அறிஞர்கள் சிலர் வேறு கருத்துக்கு வந்தார்கள். அங்கே 2003ல் கருக்கொடைக்குத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அது அவர்களுடைய ஆய்வு.

ஆக, சிகிச்சை ஹராம் அல்ல. இதைக் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும். "சோதனைக்குழாய்க் குழந்தையா, அஸ்தஃபிருல்லாஹ்" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கணவன் மனைவிக்குள் நடக்கும் சிகிச்சை வேறு, மூன்றாமவர் நுழைவது வேறு.

மூன்றாமவர் ஏன் நுழையக் கூடாது? நஸபு என்ற ஒரே சொல்லில் பதில் இருக்கிறது. ஒரு மனிதர் யாருடைய வம்சம் என்பது நம் மார்க்கத்தில் வெறும் பெருமைக்குரிய விஷயம் அல்ல. யார் யாருக்கு மஹ்ரம், யார் யாரை மணக்கக் கூடாது என்பது அதில்தான் நிற்கிறது. ஃபராயிள் சட்டப்படி யாருக்கு எவ்வளவு பங்கு என்பது அதில்தான் நிற்கிறது. பெண்ணின் நிக்காஹில் வலியாக உட்காரும் உரிமையும் அதில்தான் நிற்கிறது.

ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். நபி (ஸல்) அவர்கள் அவரைப் பிள்ளையாக வளர்த்தார்கள். மக்கள் அவரை ஸைத் இப்னு முஹம்மத் என்றே அழைத்து வந்தார்கள். பிறகு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கியது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயரோடு சேர்த்தே அழைக்க வேண்டும் என்றும், தந்தை யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கச் சகோதரர்கள் என்றும் அது கட்டளையிட்டது. அவர் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார். கவனியுங்கள்: அன்பு குறையவில்லை, மதிப்பு குறையவில்லை. திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே ஸஹாபி அவர்தான். திருத்தப்பட்டது உண்மை மட்டும்.

இன்னொரு நிகழ்ச்சி புகாரி கிரந்தத்தில் வருகிறது. உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) என்ற ஸஹாபி ஒரு பெண்ணை மணந்தார். "உங்கள் இருவருக்கும் நான் பாலூட்டியிருக்கிறேன்" என்று ஒரு பெண்மணி வந்து சொன்னார். அவர் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணம் செய்து நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். இப்படி ஒரு பேச்சு வந்த பிறகு எப்படிச் சேர்ந்து வாழ முடியும் என்ற பொருளில் பதில் வந்தது. அவர்கள் பிரிந்தார்கள். பால் குடித்த உறவுக்கே இந்த அளவு எச்சரிக்கை என்றால், ஒரே மனிதரின் விந்தணுவில் பிறந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே ஊரில் வளர்வதை எப்படிப் பார்ப்பது?

உலகச் சட்டங்கள் நடந்து வந்த பாதை

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய கவலை என்றுதான் நானும் என் வயதுக்காரர்களும் எண்ணியிருந்தோம். மற்ற நாடுகளின் சட்டங்களைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. மார்க்கத்தைப் பற்றிப் பேசாத நாடுகளும் வேறு வழியாக நடந்து இதே கேள்வியின் வாசலில் வந்து நிற்கின்றன.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே வார்னாக் என்ற பெண் தத்துவ அறிஞரின் தலைமையில் ஒரு குழு அமைத்து, 1984ல் அறிக்கை பெற்றார்கள். 1990ல் சட்டம் வந்தது. 1991 முதல் ஒரு தனி ஆணையம் எல்லாக் கருத்தரிப்பு மையங்களுக்கும் உரிமம் கொடுத்துக் கண்காணிக்கிறது. ஒவ்வொரு கொடையும், அதில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் பதிவேட்டில் ஏறும். ஒரு கொடையாளரைப் பத்துக் குடும்பங்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. நல்ல ஒழுங்குதான். ஆனால் பிள்ளை கேட்டால் கொடையாளரின் பெயரைச் சொல்லமாட்டார்கள். பெயரைச் சொன்னால் கொடுக்க ஆள் வராது என்ற பயம்.

அப்படிப் பிறந்து வளர்ந்த ஒரு பெண் நீதிமன்றம் போனார். தான் யார் என்று அறிவது மனிதரின் தனிவாழ்வு உரிமையில் அடங்கும் என்று 2002ல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு சட்டம் மாறியது. 2005 ஏப்ரல் 1 முதல் கொடுக்கப்பட்ட கொடையில் பிறந்தவர்கள் 18 வயது ஆனதும் கொடையாளரின் பெயரைக் கேட்டுப் பெறலாம். அந்த உரிமையோடு பிறந்த முதல் பிள்ளைகளுக்கு 2023ன் இறுதியில்தான் 18 வயது நிறைந்தது.

பிரிட்டன்தான் முதல் நாடு என்றும் இல்லை. சுவீடன் 1985லேயே பெயர் மறைப்பைச் சட்டத்தால் நீக்கிவிட்டது. நெதர்லாந்து 2004ல் நீக்கியது. ஜெர்மனி 2018 ஜூலையில் விந்தணுக் கொடையாளர்களுக்கு மத்தியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் எல்லாரையும்விட ஒரு படி தாண்டியது. அங்கே கொடையில் பிறந்த ஓர் இளம்பெண்ணுக்குக் குடல் புற்றுநோய் முற்றிய நிலையில் தெரியவந்தது. தன் மரபுவழியில் இந்த நோய் உண்டா, தன்னைப் போல் பிறந்த உடன்பிறப்புகளுக்கும் ஆபத்து உண்டா என்று அறிய அவர் போராடினார். கடைசியில் தந்தையைக் கண்டுபிடித்தார். கிடைத்தது சில வாரங்கள்தான். 2013ல், 30 வயதில் இறந்துபோனார். 2017 மார்ச் 1 முதல் அந்த மாநிலத்தில், எந்தக் காலத்தில் கொடுத்திருந்தாலும் கொடையாளரின் பெயரைப் பிள்ளை அறியலாம் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை மக்கள் அந்தப் பெண்ணின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களும் உண்டு. அவர்கள் தரப்பில் நியாயம் இல்லை என்று சொல்லமுடியாது. "உன் பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்துத்தானே வாங்கினீர்கள்? முப்பது வருடம் கழித்து வாக்கை மீறலாமா?" என்று கேட்டார்கள். வியாபாரியாகிய எனக்கு இந்தக் கேள்வி உறுத்தியது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது நம் தொழிலின் உயிர்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தை நன்றாகப் பாருங்கள். கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் ஒருவர், நடுவில் மருத்துவமனை. மூவரும் பேசி ஒப்புக்கொண்டார்கள். எதை? பிள்ளையின் வம்சத்தை மறைப்பதை. அந்த வம்சம் இவர்களில் யாருடைய உடைமை? பிள்ளையுடையது. அந்தப் பிள்ளை பேச்சுவார்த்தையில் இல்லை, பிறக்கவே இல்லை. தனக்குச் சொந்தமில்லாத பொருளை விற்கக் கூடாது என்பது நம் மார்க்கத்து வியாபாரச் சட்டத்தின் ஆரம்பப் பாடம். அண்ணன் வீட்டை, அவன் ஊரில் இல்லாதபோது தம்பியும் தரகரும் பேசி விற்றுவிட்டால், அந்த விற்பனை செல்லுமா? வாங்கியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் செல்லாது. பெயர் மறைப்பு வாக்குறுதியை நான் அப்படித்தான் பார்க்கிறேன். வாக்குக் கொடுத்தவர்களுக்கு அதைக் கொடுக்கும் உரிமையே இருந்ததில்லை.

இன்னொன்று, இன்று அந்த வாக்கைக் காப்பாற்றவும் முடியாது. எச்சிலைக் குழாயில் துப்பி அஞ்சலில் அனுப்பினால், மரபணுவைச் சோதித்து "இவர் உங்கள் உறவினர்" என்று பட்டியல் அனுப்பும் நிறுவனங்கள் வந்துவிட்டன. கொடையாளரே சோதனை செய்திருக்க வேண்டியதில்லை. அவருடைய சிற்றப்பா மகன் செய்திருந்தால் போதும், நூல் பிடித்து வந்துவிடலாம்.

கணக்கு இல்லாவிட்டால்

எங்கள் கிடங்கில் ஒரு மிளகு மூட்டை வந்தால் அதில் தொகுதி எண் இருக்கும். எந்த நாடு, எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று காகிதத்தில் இருக்கும். அந்தத் தொகுதியில் கோளாறு என்றால் எந்தெந்தக் கடைக்குப் போனது என்று ஒரு மணி நேரத்தில் சொல்லவேண்டும். பிள்ளைகள் சரக்கு அல்ல, அல்லாஹ் மன்னிக்க வேண்டும். ஆனால் சரக்குக்கு இருக்கும் கணக்குகூட மனிதப் பிறப்புக்கு இல்லாமல் போனதால் நடந்ததைக் கேளுங்கள்.

நெதர்லாந்தில் ஒரே மனிதர் பல மையங்களிலும் நேரடியாகவும் விந்தணு கொடுத்துக்கொண்டே போனார். 2023 ஏப்ரலில் ஹேக் நகர நீதிமன்றம் இனிக் கொடுக்கக் கூடாது என்று தடை விதித்தது. அதற்குள் அவருக்குப் பல நாடுகளில் 550 பிள்ளைகள் இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2025 மே மாதம் வெளியான இன்னொரு செய்தி: ஐரோப்பாவில் ஒரு கொடையாளருக்கு, அவரும் அறியாமல், புற்றுநோயைக் கொண்டுவரும் அரிதான மரபணு மாற்றம் இருந்தது. எட்டு நாடுகளில் அவர் வழிப் பிறந்த 67 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்ததில் பத்துப் பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. பல நாடுகள் தம் எல்லைக்குள் வரம்பு வைத்திருந்தன. எல்லை தாண்டியதை எண்ண ஆள் இல்லை.

நம்மவர்கள் பலர் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டுக்குப் போகிறார்கள். 2022ல் ஈரோட்டில் வெளிவந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். 16 வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆதார் அட்டையில் கூட்டிக் காட்டி, மீண்டும் மீண்டும் அவளிடம் கருமுட்டை எடுத்து விற்றார்கள். பெற்ற தாயே அதில் கைதானார். மாநில அரசு சில மருத்துவமனைகள் மீது நடவடிக்கை எடுத்தது. கொடை என்று பெயர். உள்ளே நடந்தது ஒரு குழந்தையின் உடம்பை விற்றது.

இந்தியாவில் 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அது 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அதன்படி கருமுட்டை கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. விந்தணு கொடுப்பவருக்கு 21 முதல் 55 வயது. ஒருவருடைய கொடையை ஒரு தம்பதிக்கு மேல் தரக் கூடாது. எழுத்தில் கண்டிப்பான சட்டம். ஆனால் பிள்ளை வளர்ந்து 18 வயதில் போய்ப் பெயரைக் கேட்டுப் பெறும் பிரிட்டன் போன்ற உரிமை அதில் இல்லை.

நம் சிங்கப்பூரில்

இங்கே கருமுட்டையையும் விந்தணுவையும் கருவையும் பணத்துக்கு வாங்குவதும் விற்பதும் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மையங்கள் சுகாதார அமைச்சின் உரிமம் பெற்றே நடக்கின்றன. 2013ல் வந்த இன்னொரு சட்டம், இப்படிப் பிறக்கும் பிள்ளைக்குச் சட்டப்படி யார் பெற்றோர் என்று வரையறுக்கிறது. சுமந்து பெற்றவர் தாய். சிகிச்சைக்குச் சம்மதித்த கணவர் தந்தை. கொடையாளருக்கு உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை. இது நாட்டின் சட்டம். நஸபு பற்றிய மார்க்கக் கேள்விக்கு அது பதில் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்நாட்டு நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கு எனக்குப் பெரிய பாடம். ஒரு தம்பதியர் தங்களுடைய விந்தணுவும் கருமுட்டையும் கொண்டு 2010ல் சிகிச்சை பெற்றார்கள். குழந்தை பிறந்தது. நிறமும் முடியும் ஒத்துப்போகவில்லை. இரத்தப் பிரிவும் பெற்றோரோடு பொருந்தவில்லை. சோதித்ததில், முன்பின் அறியாத ஒருவரின் விந்தணு தவறுதலாகப் பயன்படுத்தப்பட்டது தெரிந்தது. தாய் வழக்குத் தொடுத்தார். பிள்ளையை வளர்க்கும் செலவு முழுவதையும் கேட்டார்.

2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வளர்ப்புச் செலவைத் தர மறுத்தது. பிள்ளையை வளர்ப்பது பெற்றோரின் கடமை, அதை நட்டம் என்று எழுத முடியாது என்றது. ஆனால் இரத்தவழித் தொடர்பு அறுபட்டது உண்மையான இழப்பு, அதைச் சட்டம் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது என்றும் சொன்னது. வளர்ப்புச் செலவில் 30 விழுக்காட்டை அந்த இழப்புக்கு ஈடாகக் கணக்கிட்டது.

இந்தத் தீர்ப்பில் இரண்டு உண்மைகள் ஒன்றாக நிற்கின்றன. வம்சத்துக்கு மதிப்பு உண்டு. அதே சமயம், வந்து பிறந்த பிள்ளை ஒருபோதும் நட்டக் கணக்கில் வராது. நம் மார்க்கமும் இரண்டையும் சேர்த்தே பிடிக்கச் சொல்கிறது. வம்சத்தைக் காப்பாற்று. ஒருவர் சுமையை மற்றவர் தலையில் ஏற்றாதே.

நாம் செய்ய வேண்டியவை

சிகிச்சைக்குப் போகும் தம்பதியருக்கு முதலில் சொல்கிறேன். படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். புரியாவிட்டால் புரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நம் இருவருடையது மட்டுமே என்று எழுத்தில் வாங்குங்கள். பெயர்ச்சீட்டை இரண்டு பேர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. உறையவைத்த கரு மீந்தால் என்ன செய்வார்கள், கணவர் இறந்தாலோ தலாக் ஆனாலோ அதன் நிலை என்ன என்று முன்பே பேசி எழுதுங்கள். நிக்காஹ் முடிந்துபோன பிறகு அதைப் பயன்படுத்தலாமா என்பது பெரிய மார்க்கக் கேள்வி. சந்தேகம் இருந்தால் முயிஸ் அலுவலகத்தையோ உங்கள் பள்ளிவாசல் இமாமையோ கேளுங்கள். கேட்பது வெட்கம் அல்ல.

இரண்டாவது, பெரியவர்களுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டில் மருமகள் வந்து மூன்று வருடம் ஆனால், "இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்? கந்தூரியில் கேட்கிறோம், பெருநாளில் கேட்கிறோம், மையத்து வீட்டில்கூடக் கேட்கிறோம். குறை ஆணிடம் இருக்கலாம் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. அந்தப் பெண் சபைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள். யாரிடமும் கேட்க முடியாமல், யாருக்கும் சொல்ல முடியாமல், ஒரு தம்பதி தனியாக விமானம் ஏறிப் போகும்போதுதான் ஒன்பதாம் பக்கத்து வரி அவர்களைப் பிடிக்கிறது. ஹராமின் வாசலை நம் நாக்கும் சேர்ந்தே திறந்துவிடுகிறது என்பதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளை வளர்ப்பு. இந்தச் சங்கத்தின் மூத்த குடும்பங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வறுமையால் கொடுக்கப்பட்ட சீனப் பெண் குழந்தைகளை மலாய்க் குடும்பங்களும் நம் குடும்பங்களும் எடுத்து வளர்த்தன. அவர்கள் தமிழ் பேசி, ஓதப் படித்து, நிக்காஹ் செய்து, இன்று பேரன் பேத்திகளோடு இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தள்ளாத வயதிலும் தங்களைப் பெற்றவர்கள் யார் என்று தேடுகிறார்கள். வளர்த்தவர்கள் மீது அன்பு இல்லாததால் தேடவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தாகம் மனிதனுக்கு இயல்பு. பிள்ளை இல்லாதவர்களுக்கு வளர்ப்பு என்ற வாசலை மார்க்கம் திறந்தே வைத்திருக்கிறது. ஒரே நிபந்தனை, பெயரையும் உண்மையையும் மறைக்காதே என்பது. சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே, வாப்பா உம்மா வாயாலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். அடுத்த வீட்டுக்காரர் சொல்லித் தெரிவதும் மரபணுச் சோதனையில் தெரிவதும் மிகக் கொடுமை.

கடைசியாக ஒன்று. கொடை முறையில் பிறந்த பிள்ளை நம் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் படிக்கலாம். நாளை இஸ்லாத்துக்கு வரும் ஒரு சகோதரர் அப்படிப் பிறந்தவராக இருக்கலாம். அறியாமல் கையெழுத்துப் போட்ட ஒரு குடும்பம் நம்மிடையே இருக்கலாம். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் குறைவாக நம் வாயில் வரக் கூடாது. தந்தை யாரென்று தெரியாதவரை மார்க்கச் சகோதரர் என்று அல்லாஹ்வே சொல்லிவிட்டான். அதற்குமேல் பெயர் வைக்க நாம் யார்?

செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி என்று சங்கம் ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறது. அதோடு, பிள்ளையில்லாத தம்பதியர் பெயர் வெளியே தெரியாமல் வந்து கேட்க, ஓர் ஆலிமையும் ஒரு மருத்துவரையும், அவர்களோடு பெண்களிடம் பேச ஒரு சகோதரியையும் சேர்த்து மாதம் ஒரு நாள் உட்காரவையுங்கள். இடமும் தேநீரும் போதும், பெரிய செலவு இல்லை. படிவம் படித்துச் சொல்ல நான் வருகிறேன்.

பிள்ளைச் செல்வத்துக்காகக் காத்திருக்கும் எல்லாருக்கும் அல்லாஹ் ஸாலிஹான சந்ததியைத் தருவானாக. அதைத் தராத இடத்தில் பொறுமையையும், அதைவிட மேலான ஒன்றையும் தருவானாக. நம் பிள்ளைகளின் வம்சம் என்ற அமானிதத்தை நேர்மையோடு அவர்கள் கையில் ஒப்படைக்க நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.